எட்டு மில்லிமீட்டர் வழியில் ஒரு இயற்பியல் வாத்தியார்



முதல்ல ஒரு டிசைன் ப்ராப்ளம். சுமார் 7 மி.மீ. விட்டமுள்ள ஒரு உலோகக் குழாய். உங்க சுண்டுவிரலை விட ஒல்லி. அதுக்குள்ள நாலு விஷயத்துக்கு இடம் ஒதுக்கணும். தண்ணி உள்ளே போய் வெளியே வர வழி, இடுக்கி நுழைய வழி, வெளிச்சம் போக வழி, உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரிய ஒரு லென்ஸ் வரிசை. இந்தக் குழாயை ஒரு மனுஷனோட இடுப்புப் பக்கமா எட்டு மி.மீ. கீறல் வழியே உள்ளே செலுத்தி, காலுக்குப் போகும் நரம்புக்குப் பக்கத்துல நிறுத்தி, அந்த நரம்பை அழுத்திக்கிட்டு இருக்கிற டிஸ்க் துண்டை வெளியே எடுக்கணும். நரம்புக்குக் காயம் படக் கூடாது. அந்த மனுஷன் பெரும்பாலும் முழிச்சுக்கிட்டுதான் இருப்பார்.

இதைச் சாத்தியமாக்கினவங்க பட்டியலில் நிறைய சர்ஜன்கள் இருக்காங்க. ஆனா நான் சொல்லப் போற ஆள் சர்ஜனே இல்லை. மெடிக்கல் காலேஜில் படித்தவரும் இல்லை. லென்ஸுக்குள்ள ஒளி எப்படிப் போகுதுன்னு வாழ்நாள் முழுக்கக் கணக்குப் போட்ட இங்கிலாந்துக்காரர். பெயர் ஹரால்ட் ஹாப்கின்ஸ். ஃபர்ஸ்ட் இயர் இன்ஜினியரிங் ஃபிசிக்ஸில் ஃபைபர் ஆப்டிக்ஸ் யூனிட் ஞாபகம் இருக்கா? எண்டோஸ்கோப் பற்றி ஒரு கேள்வி வரும், படம் வரைஞ்சு மார்க் வாங்கிட்டு மறந்துடுவோம். அந்தப் படத்துக்குப் பின்னாடி இருக்கிற ஆள் இவர்தான்.

டிஸ்க் விலகுச்சுன்னா என்ன ஆகுது?

ஹாப்கின்ஸ் கதைக்குப் போறதுக்கு முன்னாடி, பிரச்சினை என்னன்னு பார்த்துடுவோம். முதுகெலும்பில் ரெண்டு எலும்புகளுக்கு நடுவே ஒரு டிஸ்க் இருக்கு. வெளியே கெட்டியான நார் வளையம், உள்ளே ஜெல் மாதிரி ஒரு மையம். மெக்கானிக்கல் பசங்களுக்கு ஒரே வார்த்தையில் சொன்னா ஷாக் அப்சார்பர். உடம்போட பாரத்தில் பெரும்பங்கு கீழ்முதுகில் இறங்குவதால், எல்4-எல்5, எல்5-எஸ்1 என்ற கடைசி ரெண்டு டிஸ்க்குகள்தான் அதிகமா அடிவாங்கும். நார் வளையம் கிழிஞ்சு உள்ளே இருப்பது வெளியே பிதுங்கினா, பக்கத்துல போற நரம்பை அழுத்தும். பழுது இடுப்பில், ஆனா வலி பின்னந்தொடை, கெண்டைக்கால், பாதம் வரை மின்னல் மாதிரி இறங்கும். இதைத்தான் சியாட்டிகா என்கிறார்கள்.

இந்த வலிக்கு டிஸ்க்தான் காரணம்னு மருத்துவ உலகம் பரவலா ஏத்துக்கிட்டது 1934-ல். அமெரிக்காவின் பாஸ்டனில் மிக்ஸ்டர், பார் என்ற ரெண்டு டாக்டர்கள் தாங்கள் ஆபரேஷன் செய்து பார்த்ததைக் கட்டுரையா வெளியிட்டார்கள். அதுக்கப்புறம் நடுமுதுகில் கீறி, தசையை எலும்பிலிருந்து விலக்கி, எலும்பில் கொஞ்சம் வெட்டி, டிஸ்க் துண்டை எடுக்கும் முறை பரவியது.

இங்க ஒரு நிமிஷம் நின்னு யோசிங்க. எடுக்க வேண்டிய துண்டு பெரும்பாலும் ஒரு நிலக்கடலை சைஸ்தான். அதுக்கு ஏன் அவ்வளவு நீளமான கீறல்? இடுக்கி உள்ளே போக அவ்வளவு இடம் தேவையில்லை. சர்ஜனோட கண்ணுக்குத்தான் அந்த இடம் தேவைப்பட்டது. மேலே இருக்கிற லைட் ஆழத்துக்கு இறங்கணும், நரம்பு எது, டிஸ்க் எதுன்னு பிரிச்சுப் பார்க்கணும். கீறலில் பெரும்பகுதி பார்ப்பதற்காகப் போட்டது. அப்படின்னா கீறலைச் சின்னதாக்கணும்னா முதல்ல தீர்க்க வேண்டியது பார்வைப் பிரச்சினையை. அது ஆப்டிக்ஸ். இங்கதான் ஹாப்கின்ஸ் வர்றார்.

லெஸ்டர் நகரத்துப் பையன்

1918 டிசம்பர் 6. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்தில், ரொம்ப ஏழ்மையான பகுதியில், ஏழைக் குடும்பத்தில் பிறந்தார் ஹாப்கின்ஸ். ஸ்காலர்ஷிப் கிடைத்ததால்தான் கேட்வே ஸ்கூலில் சேர முடிந்தது. பள்ளியில் அவருக்கு நல்லா வந்தது வரலாறும் இலக்கியமும். கணக்கிலும் பையன் கெட்டிக்காரன்னு கவனித்த தலைமையாசிரியர்தான் அவரைச் சயின்ஸ் பக்கம் திருப்பிவிட்டார்.

1939-ல் லெஸ்டர் யூனிவர்சிட்டி காலேஜில் இயற்பியலும் கணிதமும் படித்து முதல் வகுப்பில் தேறினார். அணுக்கரு இயற்பியலில் பி.எச்டி. தொடங்கினார். உடனே இரண்டாம் உலகப் போர் வந்தது, பி.எச்டி. நின்றுபோனது. கிடைத்த வேலை, உள்ளூரில் லென்ஸ் செய்யும் டெய்லர், டெய்லர் அண்ட் ஹாப்சன் கம்பெனியில். அவர் ஆப்டிக்ஸுக்கு வந்தது இப்படித்தான். ட்ரீம் டொமைன் கிடைக்காம வேற டொமைனில் ப்ளேஸ் ஆனவங்க இதைக் கவனிக்கவும்!

நடுவில் ஒரு காமெடியும் நடந்தது. போர்க்காலத்தில் லென்ஸ் டிசைன் தெரிந்தவர்கள் நாட்டுக்கு எவ்வளவு முக்கியம்! ஆனா யாரோ செய்த குளறுபடியில் 1942-ல் அவரையும் ராணுவத்துக்கு இழுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. தப்பு தெரிந்ததும் திரும்ப லென்ஸ் வேலைக்கே அனுப்பினார்கள். பகலில் வேலை பார்த்துக்கிட்டே ஆராய்ச்சியும் செய்து 1945-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். 1947-ல் லண்டன் இம்பீரியல் காலேஜுக்குப் போனார்.

அங்கே முதல் பெரிய வெற்றி, டிவி கேமராவுக்கான ஜூம் லென்ஸ். அப்போ டிவி கேமராவில் நாலைந்து லென்ஸ்களை ஒரு சுழல்தட்டில் மாட்டி வைத்திருப்பார்கள். க்ளோஸப் வேணும்னா தட்டைச் சுத்தணும், அந்த நேரத்தில் படம் போயிடும். இதுக்குத் தீர்வு வேணும்னு பிபிசி கேட்டது. ஒரே லென்ஸில் படம் கெடாமல் கிட்டே போய்த் தள்ளி வரும் டிசைனை 1948-ல் கொடுத்தார். ஒவ்வொரு ஒளிக்கதிரும் எந்தக் கண்ணாடியில் எவ்வளவு வளையும்னு மேசைக் கணக்கு மெஷினில் போட்ட கணக்கு அது. நாம மேட்லேபில் ரன் பட்டனை அமுக்கிட்டு டீ குடிக்கப் போறோமே, அந்த வசதியெல்லாம் கிடையாது. 1950-ல் லென்ஸ் பிழைகளைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் அந்தத் துறைக்கே அடிப்படை நூல் ஆனது.

முதல் ஐடியா கைநழுவியது

1951-ல் ஒரு விருந்து. பக்கத்தில் உட்கார்ந்தவர் லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையின் ஹியூ கெய்ன்ஸ்பரோ, வயிற்று நோய் டாக்டர். அவருக்கு ஒரு குறை. நோயாளியின் வாய் வழியா வயிற்றுக்குள் விடும் குழாய் விறைப்பா இருக்கு, அவங்க படும் அவஸ்தையைப் பார்க்க முடியல, அப்படியும் வயிறு முழுசாத் தெரியறதில்ல. பெரும்பாலான பேர் அனுதாபமா தலையாட்டிட்டு அடுத்த ஐட்டத்துக்குப் போயிருப்பாங்க. ஹாப்கின்ஸ் அந்தக் குறையை வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போனார்.

அவருக்குத் தோன்றிய வழி, முடி மாதிரி மெல்லிய கண்ணாடி இழைகளை ஆயிரக்கணக்கில் ஒரே வரிசை மாறாமல் கட்டுவது. ஒவ்வொரு இழையும் படத்தின் ஒரு புள்ளியைச் சுமந்து வரும். கட்டு வளைந்தாலும் படம் வந்து சேரும். இதில் அவரோடு வேலை செய்த ஆராய்ச்சி மாணவர் பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரீந்தர் சிங் கபானி. 1954 ஜனவரி 2-ம் தேதி நேச்சர் இதழில் ரெண்டு பேரும் சேர்ந்து இதை வெளியிட்டார்கள். பிற்காலத்தில் யாருடைய பங்கு எவ்வளவு என்பதில் இருவருக்கும் மனக்கசப்பு வந்தது. அது தனிக்கதை.

ஐடியா ஜெயித்தது. ஆனா அதைக் கருவியாக்கப் பணம் தர இங்கிலாந்தில் ஆள் வரவில்லை. அந்தக் கட்டுரையைப் படித்த டாக்டர் பேசில் ஹிர்ஷோவிட்ஸ் லண்டன் வந்து பார்த்துவிட்டு, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வேலையைத் தொடர்ந்தார். இழைகள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் ஒளி கசிந்தது. ஒவ்வொரு இழைக்கும் மேலே வேறு வகைக் கண்ணாடியால் உறை போட்டு அதைச் சரிசெய்தவர் லாரன்ஸ் கர்டிஸ். அவர் அப்போ யுஜி மாணவர், நம்மள மாதிரி! 1957-ல் ஹிர்ஷோவிட்ஸ் அந்தக் கருவியை முதலில் தன் தொண்டையிலேயே விட்டுப் பார்த்தார். விதை போட்டது லண்டன், அறுவடை மிச்சிகனில்.

கண்ணாடியும் காற்றும் இடம் மாறின

ஹாப்கின்ஸ் சோர்ந்து போகவில்லை. அடுத்து வந்தவர் லிவர்பூலின் சிறுநீரக சர்ஜன் ஜேம்ஸ் கோ. அவருக்குச் சிறுநீர்ப்பையின் உள்பக்கத்தைப் போட்டோ எடுக்கணும். அப்போதைய கருவியில் வெளிச்சமே பத்தல. 1870-களில் ஜெர்மனியின் நிட்சே உருவாக்கிய அமைப்புதான் அதுவரைக்கும் ஓடிக்கிட்டு இருந்தது: ஒரு நீளக் குழாய், அதுக்குள்ள அங்கங்கே சின்னச் சின்ன லென்ஸ்கள், நடுவில் முழுக்கக் காற்று.

இங்க நான் ரசித்த பகுதியைச் சொல்றேன், கொஞ்சம் பொறுமையா படிங்க. ஹாப்கின்ஸ் அதைத் தலைகீழாக்கினார். காற்று இருந்த நீளமான இடத்தில் கண்ணாடித் தண்டுகளை வைத்தார். கண்ணாடி லென்ஸ் இருந்த இடத்தில் சின்னக் காற்று இடைவெளி விட்டார். தண்டுகளின் முனைகளை வளைவாகத் தீட்டியதால் அந்தக் காற்று இடைவெளியே லென்ஸ் வேலையைப் பார்த்தது.

இதனால் என்ன லாபம்? கணக்கு போடுவோம். குழாய் கடத்தும் ஒளி, உள்ளே இருக்கும் பொருளின் ஒளிவிலகல் எண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது. காற்றுக்கு 1, கண்ணாடிக்குச் சுமார் 1.5. வர்க்கம் 2.25. ஆக ரெண்டு மடங்குக்கு மேல் லாபம். இன்னொன்று, பழைய குட்டி லென்ஸ்களை நகராமல் பிடிக்க உள்ளே ஒரு மெல்லிய குழாயைச் செருகணும், அது இடத்தைச் சாப்பிடும். நீளமான தண்டு சாயாமல் தானே நேராக நிற்கும், அந்த உள்குழாய் வேண்டாம். அதனால் ஒளி போகும் வழியின் ஆரம் கூடும். ஒளியோ ஆரத்தின் நாலாம் அடுக்கில் ஏறும். ஆரம் 1.4 மடங்கு ஆனால் ஒளி கிட்டத்தட்ட 3.8 மடங்கு. ரெண்டையும் பெருக்கிப் பாருங்க, சுமார் ஒன்பது மடங்கு வெளிச்சம்! குழாயின் வெளி அளவு ஒரு இம்மி கூடக் கூடவில்லை. கண்ணாடிப் பரப்புகளில் ஒளி தெறித்து வீணாகாமல் இருக்கப் பூச்சு வேற போட்டார். படம் பளிச்சுன்னு ஆச்சு, நிறமும் உள்ளது உள்ளபடி வந்தது.

1959-ல் பேடன்ட் எடுத்தார். நியாயமா கம்பெனிகள் வரிசையில் நின்றிருக்கணும். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எந்தக் கம்பெனியும் எடுக்கவில்லை. வருஷங்கள் போச்சு. 1965-ல்தான் ஜெர்மனியின் டட்லிங்கன் ஊரிலிருந்து கார்ல் ஸ்டோர்ஸ் என்ற கருவித் தயாரிப்பாளர் வந்தார். வெளியே இருக்கும் விளக்கின் ஒளியை ஃபைபர் கட்டு வழியே உள்ளே அனுப்பும் உத்தி ஸ்டோர்ஸ் கையில் ஏற்கெனவே இருந்தது. அதோடு ஹாப்கின்ஸின் தண்டு லென்ஸ் சேர்ந்தது. வெளிச்சம் ஃபைபரில் உள்ளே போகும், படம் தண்டு லென்ஸில் வெளியே வரும். ஹாப்கின்ஸ் கைவைத்த ரெண்டு துறையும் ஒரே குழாய்க்குள் சேர்ந்தது இப்படித்தான்.

முதுகுக்கு வந்த கதை

ஹாப்கின்ஸ் இந்த லென்ஸை முதுகெலும்புக்காகச் செய்யவில்லை. ஆனா முதுகெலும்பு அதுக்காகக் காத்துக்கிட்டு இருந்தது.

1975-ல் ஜப்பானின் ஹிஜிகாட்டா, எக்ஸ்ரே பார்த்துக்கிட்டே ஒரு மெல்லிய குழாயைத் தோல் வழியே டிஸ்க்குக்குள் விட்டு உள்ளிருப்பதை எடுத்தார். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், நரம்பு தெரியாது. அதாவது ஏறக்குறைய கண்ணைக் கட்டிக்கிட்டுச் செய்யும் வேலை. 1980-களில் டிஸ்க்குக்குள் ஸ்கோப் விட்டுப் பார்க்கத் தொடங்கினார்கள். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் பர்விஸ் காம்பின், நரம்புக்கு அடிபடாமல் டிஸ்க்கை எட்டக்கூடிய ஒரு முக்கோண இடத்தை வரையறுத்தார். இன்னைக்கும் அதுக்கு காம்பின் முக்கோணம்னுதான் பெயர். 1990-களின் இறுதியில் அரிசோனாவின் ஆன்தனி யங், தண்டு லென்ஸ், தண்ணீர் வழி, கருவி வழி எல்லாம் ஒரே குழாயில் அடங்கிய முதுகெலும்பு எண்டோஸ்கோப்பைக் கொண்டு வந்தார்.

ஆபரேஷன் இப்படி நடக்கும். எக்ஸ்ரே பார்த்துக்கிட்டே பக்கவாட்டிலிருந்து ஊசி, அதன் மேல் மெல்லிய கம்பி, அதன் மேல் குழாய், கடைசியில் ஸ்கோப். தசையை வெட்டாமல் விலக்கிக்கொண்டே போகலாம். உப்புநீர் ஓடிக்கிட்டே இருப்பதால் ரத்தம் கழுவப்பட்டுப் படம் தெளிவா இருக்கும். சில சர்ஜன்கள் டிஸ்க்குக்குள் நீலச் சாயம் செலுத்துவார்கள். கெட்டுப்போன டிஸ்க் நீலமாகும், நரம்பு வெள்ளையாகவே இருக்கும். நிறம் சரியா தெரிவது ஏன் முக்கியம்னு இப்போ புரியுதா? ஸ்கோப்பின் நுனி சாய்வா பார்க்கும்படி இருப்பதால், குழாயை நகர்த்தாமல் சும்மா திருகினாலே சுத்துப்புறம் தெரியும். நோயாளிக்கு அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டிருந்தால், நரம்பைத் தொட்டதும் காலில் வலிக்குதுன்னு அவரே சொல்லிடுவார். அதைவிட நல்ல சென்சார் கிடையாது.

பஸ் ஓட்டுற எங்க சித்தப்பாவுக்குப் போன வருஷம் இந்த ஆபரேஷன் நடந்தது. முதுகுல கத்தி வெச்சா ஆள் எழுந்திரிக்கவே மாட்டான்னு வீட்டில் பெரிய பயம். பின்னாடி டாக்டர் ரெக்கார்டிங்கைக் காட்டினார். துண்டு வெளியே வந்ததும், அதுவரை நசுங்கிக் கிடந்த நரம்பு நாடித் துடிப்போடு லேசா அசைய ஆரம்பித்தது. நரம்புக்கு இடம் கிடைச்சிருச்சுன்னு அதை வைத்துத்தான் முடிவு செய்வாங்களாம். சித்தப்பாவோட காலை ஓட்டும் நரம்பு ஒரு லேப்டாப் ஸ்கிரீனில் துடிப்பதைப் பார்த்த பிறகுதான், இந்தப் படத்தை வெளியே கொண்டு வந்தது யாருன்னு தேடினேன்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிடணும். டிஸ்க் விலகினவங்கள்ல பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்கள், சில மாதங்களில் ஆபரேஷன் இல்லாமலே வலி குறையும். மைக்ராஸ்கோப் வைத்துச் செய்யும் வழக்கமான ஆபரேஷனிலும் கால்வலி இதே அளவுக்குத் தீரும். எண்டோஸ்கோப்பில் காயம் சின்னது, சீக்கிரம் எழுந்து நடக்கலாம். ஆனா சர்ஜன் இதைக் கற்றுத் தேற நாளாகும், எல்லா வகை டிஸ்க்குக்கும் ஒத்தும் வராது. காலில் பலம் குறைந்துக்கிட்டே போனாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ, உட்காரும் இடம் மரத்துப் போனாலோ ஒரு நாள் கூடத் தள்ளிப் போடாதீங்க.

கடைசி வருஷங்கள்

1967-ல் ஹாப்கின்ஸ் ரெடிங் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். ஓய்வு பெறும்வரை அங்கேதான். ஹெச்ஓடி பதவி வந்தபோது வேண்டாம்னுட்டார். கற்பிப்பதும் ஆராய்ச்சியும் போதும். லேசர் டிஸ்க்கிலிருந்து தகவலை ஒளியால் படிப்பதற்கான கோட்பாட்டிலும் அவர் பங்கு உண்டு. நம்ம அண்ணன்மார் சிடியில் படம் பார்த்தது வரைக்கும் அந்த வழி நீளும்.

1973-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார், 1984-ல் அதன் ரம்ஃபோர்ட் பதக்கம் கிடைத்தது. எனக்குப் பிடித்தது வேற ரெண்டு. இங்கிலாந்தின் சர்ஜன்கள் சங்கமான ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ் 1979-ல் அவரை கௌரவ உறுப்பினர் ஆக்கியது. அறுவை சிகிச்சைக்கான லிஸ்டர் பதக்கம் 1990-ல் அவருக்குக் கிடைத்தது. மருத்துவப் படிப்பே இல்லாத ஒருத்தருக்கு! நோபல் வரவில்லை. 1994 அக்டோபர் 22-ல் காலமானார். யங் கொண்டு வந்த முதுகெலும்பு எண்டோஸ்கோப்பை அவர் பார்க்கவில்லை.

ஃபைனல் இயர் மக்களே, இது ப்ராஜெக்ட் டைட்டில் தேடும் சீசன். நாம எல்லாரும் பழைய சீனியர் ரிப்போர்ட்டிலும் யூடியூபிலும்தான் தேடுறோம். ஹாப்கின்ஸோட மூணு பெரிய டைட்டிலும் வேற இடத்திலிருந்து வந்தது: ஒரு டிவி நிலையம், விருந்தில் புலம்பிய ஒரு வயிற்று டாக்டர், போட்டோ எடுக்க முடியாம தவிச்ச ஒரு சர்ஜன். லீவுக்கு ஊருக்குப் போறப்போ பக்கத்துல இருக்கிற ஆஸ்பத்திரி தியேட்டர் டெக்னீஷியன்கிட்ட, லேத் பட்டறை அண்ணன்கிட்ட, பஸ் டிப்போவுல ஒருத்தர்கிட்ட போய், உங்க வேலையில் எது ரொம்பக் கடுப்பேத்துதுன்னு கேட்டுப் பாருங்க. ஒரு நோட்டும் கொண்டு போங்க. ஜூனியர்ஸ், உங்களுக்கு இன்னும் ரெண்டு மூணு லீவு இருக்கு, இப்பவே ஆரம்பிச்சிடுங்க.